சவேரியோவைக் கேட்டு வந்தவர்கள்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் பெயர் ஒர்னெல்லா. தரந்தோ துறைமுகத்தில் மீன் விற்றவரின் மகள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, இருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆகஸ்டு மாத வெயிலில். கண் கூசுகிற வெளிச்சத்தில்...

என் கணவர் சவேரியோ வடக்கே தொரீனோ நகரத்தில் டிராம் ஓட்டினார். சொந்த ஊர் தெற்கே காஸ்தெல்மூரோ. மலை உச்சியில் கல்மேல் கல்லாக அடுக்கி வைத்த பழைய ஊர். எதிரே ஒரு கழுதை வந்தால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவு குறுகல் சந்துகள். அங்கே ஆகஸ்டு பதினாறாம் தேதி ரோக்கோ புனிதர் திருவிழா. சுரூபத்தை மரச் சப்பரத்தில் ஏற்றி, ஆண்கள் வெறுங்காலோடு தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். சப்பரத் தண்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. அப்பன் போனால் பிள்ளை, பிள்ளை இல்லையென்றால் தம்பி. வேறு குடும்பத்துக்காரன் அதில் தோள் கொடுக்க மாட்டான், கொடுக்கவும் விடமாட்டார்கள். எங்கள் வீட்டு இடம் இடப்பக்கத்து முன்தண்டு. சந்து முனையில் திரும்பும்போது மொத்தப் பாரமும் இறங்குகிற இடம் அதுதான் என்பார்கள்.

அந்த இடத்தைச் சுமந்தவர் சவேரியோவின் அண்ணன் தொனாத்தோ. எருது மாதிரி உடம்பு. முந்தைய நவம்பரில் ஒலிவக் காய் அடிக்க மரம் ஏறியவர் விழுந்து செத்துப்போனார். பிள்ளை கிடையாது. ஆகவே இடம் சவேரியோவுக்கு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

ஊருக்குத் தெரிந்தும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. பிப்ரவரியில் சவேரியோவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்ததே அதிசயம். தண்ணீர் பாட்டில் கட்டைக்கூடத் தூக்கக் கூடாது என்று தொரீனோ டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினார். ஆனாலும் அண்ணன் போன பிறகு வருகிற முதல் திருவிழா, போகாமல் இருக்க முடியாது என்றார் சவேரியோ. சரி, போவோம் என்றேன். நான் போனது திருவிழா பார்க்க இல்லை. என் புருஷனை உயிரோடு திருப்பிக் கூட்டி வருவதற்காகப் போனேன்.

போய் இறங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. காபிக் கடையில் நாலு கிழவர்கள்.

"என்னடா சவேரியோ, தோளுக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா?"

"டிராம்ல உக்காந்து உக்காந்து தோள் எல்லாம் கீழ எறங்கிடுச்சுய்யா இவனுக்கு!"

"அதில்ல, பொஞ்சாதி விடமாட்டா. அவ பாவாடையக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க செத்தா சொல்லி அனுப்புங்க, பெரியவரே. அதே பாவாடையோட வந்து உங்க பெட்டிய நானே தூக்குறேன்" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது. சவேரியோவும் சிரித்தார். எதற்கும் சிரிப்பார் அவர். அதுதான் அவரிடம் எனக்கு எரிச்சல், அதுதான் பிடித்ததும்.

தங்கியிருந்தது தொனாத்தோவின் வீட்டில். அவர் மனைவி எர்மீனியா கீழ்க்கட்டில் தனியாக இருந்தார். எங்களுக்கு மாடி அறை. அதன் சன்னல் நேரே சந்தைப் பார்த்தது, வாசல் கதவுக்குச் சரியாக மேலே.

திருவிழா அன்று பகல் சாப்பாட்டில் நான் விடவில்லை.

"தூக்கப் போறியா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

அவர் தர்பூசணியில் விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் ஆகட்டும். பாக்கலாம்."

"சாயங்காலம் என்னத்தப் பாக்கணும்? உன் பொணத்தையா?"

எர்மீனியா சிலுவை போட்டுக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா என்ன வாய்டி இது!"

"வாய் இருந்தாத்தான் அக்கா புருஷன் மிஞ்சுவான்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. எர்மீனியா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். சவேரியோ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ஈரக் கையோடு மாடிக்குத் தூங்கப் போய்விட்டார்.

அந்த வருடம் புருஷனை இழந்த பெண்கள்தான் சுரூபத்துக்குப் பட்டு உடுத்த வேண்டும் என்பது ஊர் வழக்கம். எர்மீனியா கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினார். அவர் போனதும் வாசல் கதவை உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

காரணம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் சப்பரத் தலைவர் கோசிமோ இரும்புப் பூண் போட்ட கோலோடு வீடு வீடாக வருவார். கோலால் கதவைத் தட்டி, தூக்குகிறவரின் பெயரைச் சொல்வார். அவர் உள்ளிருந்து "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, சிவப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். அந்தக் குரல் வெளியே போய்விட்டால் பிறகு யாராலும் தடுக்க முடியாது. அதனால் கோசிமோ வந்தால் நானே பதில் சொல்லி அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

எங்கள் தெற்குப் பக்கம் சாப்பாட்டுக்குப் பின்னான உரும நேரத்தில் யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை. பலகைச் சன்னல்களை இழுத்துச் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும். திருவிழாவுக்கு வந்த கூட்டம்கூட எங்கெங்கோ நிழலில் சுருண்டுவிட்டது. உருமத்தில் அலைகிறது நம்ம ஆளுங்க இல்லை என்று பிள்ளைகளை மிரட்டி வீட்டுக்குள் போடுவார்கள். என்னையும் அப்படிச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள். நான் மீன் கூடையோடு அதே வெயிலில் சுற்றியவள்.

சவேரியோ பனியனோடு மல்லாந்து தூங்கினார். லேசாகக் குறட்டை. நான் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. வெளியே சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. கோவில் மணி இரண்டரைக்கு அடித்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடவே இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

திடீரென்று சில்வண்டுச் சத்தம் நின்றது.

ஒன்று ஒன்றாக அடங்கவில்லை. மொத்தமாக, ஒரே நொடியில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை. கையை உயர்த்திப் பார்த்தேன். கொஞ்சம்கூட வரவில்லை.

மெழுகு வாசனை வந்தது. அணைத்த மெழுகுதிரியின் வாசனை.

பிறகு அந்தச் சத்தம்... சந்தின் மேல்முனையிலிருந்து. வெறுங்கால்கள் கல்லில் உரசுகிற சத்தம். பல கால்கள். எல்லாம் ஒரே தாளத்தில். அதோடு சேர்ந்து மரம் முனகியது. பெரிய பாரம் ஏற்றிய மரம் அசையும்போது முனகுமே, அது... கிரீச்... கிரீச்...

இவ்வளவு சீக்கிரம் சப்பரத்தைக் கிளப்பிவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனுஷனை அள்ளிக்கொண்டு போக உரும நேரமாகப் பார்த்து வருகிறார் இந்தக் கோசிமோ என்று பல்லைக் கடித்தேன்.

கால்கள் எங்கள் வாசலில் நின்றன.

டக்... டக்...

இரும்புப் பூண். கதவில்.

"சவேரியோ."

குரல் மெதுவாக இருந்தது. கோசிமோவுக்குக் காதைப் பிளக்கிற குரல். வெயிலில் வந்ததால் தொண்டை கட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சவேரியோ அசைந்தார். எங்கே எழுந்து "இருக்கேன்" என்று சொல்லிவிடுவாரோ என்று பதறிப்போய், சன்னல் பலகையில் வாயை வைத்து, அடங்கிய குரலில் சொன்னேன்.

"அவரு இல்ல."

கீழே போகிற சத்தம் இல்லை.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

சந்து நிறைய ஆண்கள். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கச்சை. இரண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, தோளில் தண்டு அழுத்தும்போது சாயுமே, அப்படி. முழங்கால் மடங்கியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

தோளில் ஒன்றுமே இல்லை.

தண்டு இல்லை. சப்பரம் இல்லை. ஆனால் மரம் முனகுகிறது... கிரீச்...

அந்த நேரத்தில் சந்துக் கல்லில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும். அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். ஒருவர்கூடக் கால் மாற்றவில்லை.

இடப்பக்கம், முன்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

அதற்கு அடுத்து, வரிசையை விட்டுத் தள்ளி நின்ற ஆள் மெல்லத் தலையைத் தூக்கினார். நேராக என் சன்னலைப் பார்த்தார்.

தொனாத்தோ.

தொனாத்தோவின் கண்கள் கலங்கியிருந்தன. என்னைப் பார்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்பது போல.

தம்பியை ஒளிக்காதே என்கிறார் என்று நினைத்தேன்.

"சவேரியோ" என்றது குரல் மறுபடியும்.

"அவரு இல்ல!" என்று கத்தினேன். "போங்க! அவரு இல்ல!"

தொனாத்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

கோல் தரையில் விழுந்தது.

டக்...

டக்...

டக்...

அவர்கள் நகர்ந்தார்கள். அந்த நேரம் அறை இருண்டது. குறுகல் சந்தில் உயரமான சப்பரம் போகும்போது சன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு போகுமே... அதேபோல் தரையிலிருந்த வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன.

சில்வண்டுகள் கத்த ஆரம்பித்தன. மின்விசிறிக் காற்று முகத்தில் அடித்தது. கோவில் மணி அடித்தது. மணி மூன்று.

திரும்பிப் பார்த்தேன். சவேரியோ விழித்திருந்தார். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. நீ தூங்கு."

"என் பேரச் சொன்னாங்களே."

"கனவுடா. படு."

சின்னப் பிள்ளை மாதிரி, "தோள் வலிக்குது, ஒர்னெ" என்றார்.

இடது தோள்.

மாரடைப்புக்கு முன்பும் அவருக்கு அப்படித்தான் வலித்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்தேன். சதுக்கத்தில் திருவிழாவுக்காக முதலுதவிக் கூடாரம் போட்டிருந்தார்கள். வாசலைத் திறந்துகொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன். சந்தில் ஒரு காலடித் தடம் இல்லை, ஒரு சொட்டு மெழுகு இல்லை. சின்ன வயது டாக்டர் ஒருவரை இழுத்து வந்தேன். நல்ல பையன். மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மிஷின் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வெயில் அசதிதான் என்றார். பனியனை விலக்கித் தோளைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, பதிந்து கிடந்தது. ஒருக்களித்துப் படுத்ததில் அழுத்தியிருக்கும் என்றார் டாக்டர். சவேரியோ மல்லாந்துதான் படுத்திருந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சவேரியோ. இப்பவே."

"சப்பரம் போகட்டும்" என்றார். கார் வெளியே போக வழியும் இல்லை. திருவிழாவுக்காக ஊர் வாசலை மறித்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் ஆம்புலன்ஸைச் சந்து வரை கொண்டுவரச் சொல்கிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். அவர் போன பிறகு சவேரியோ அதிகம் பேசவில்லை. ஒன்று கேட்டால் ஒரு வார்த்தை. வலி இருக்கிறதா என்றால், "கனமா இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

எர்மீனியா திரும்பி வந்ததும் அடுக்களையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொனாத்தோவைப் பார்த்தேன் என்றபோது அவர் அழுதார். நான் பைத்தியம் என்று சொல்லவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க கேட்டப்போ நீ என்ன சொன்ன? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு."

"அவரு இல்லன்னு சொன்னேன்."

எர்மீனியாவின் முகம் வெளுத்தது.

"அது நான் சொல்ல வேண்டிய வார்த்தைடி" என்றார். "இன்னிக்குச் சாயங்காலம் நான் சொல்லணும். போன வருசம் தூக்கினவன் இந்த வருசம் செத்திருந்தா, அவன் வீட்டுக்கும் கோசிமோ வருவாரு. தட்டிப் பேரச் சொல்லுவாரு. கட்டினவ கதவத் தொறக்காம, உள்ள நின்னு, அவரு இல்லன்னு சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது. அவ வாயால சொன்னாத்தான் அவனை இந்தக் கூட்டத்துல இருந்து விடுவிச்சு, அந்தக் கூட்டத்துல சேத்துப்பாங்க."

"எந்தக் கூட்டத்துல அக்கா?"

அவர் என்னைக் கிட்டே இழுத்தார். "கோலைத் தரையில தட்டினாங்களா?" என்று கேட்டார். "மூணு தரம்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எர்மீனியா என் மணிக்கட்டை விட்டுவிட்டு, முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டார்.

எனக்குத் தொனாத்தோவின் தலையாட்டல் அப்போதுதான் புரிந்தது. ஒளிக்காதே என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லாதே என்றிருக்கிறார்.

மாடிக்கு ஓடினேன். "நான் சொன்னது பொய்" என்று சன்னலைத் திறந்து கத்தினேன். "இருக்காரு! இங்கதான் இருக்காரு!" கீழே பலூன் விற்கிறவன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

வெயில் தாழ்ந்தது. கோசிமோ வந்தார். இது நிஜக் கோசிமோ, வியர்வை வழிய, பின்னால் ஊர்க்கூட்டத்தோடு. கதவைத் தட்டி, தொண்டை கிழிய, "தொனாத்தோ!" என்றார்.

"அவரு இல்ல" என்றார் எர்மீனியா, மூடிய கதவுக்குப் பின்னால் நின்று. குரல் நடுங்கவில்லை.

கோல் மூன்று முறை தரையில் விழுந்தது. பிறகு கோசிமோ நடந்துவிட்டார். சவேரியோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு ஆச்சரியம். ஆச்சரியத்தை விட நிம்மதி. கேட்கவில்லை, அழைக்கவில்லை, போய்விட்டார்... உருமத்தில் வந்தது எதுவாக இருந்தாலும் என் புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சூடாக இருக்கிறார், மூச்சு விடுகிறார். அந்த அரை மணி நேரம் பிழைத்துவிட்டோம் என்றே நான் நம்பினேன்.

பாண்டு வாத்தியம் நெருங்கியது. நாங்கள் சன்னலில் இருந்தோம். அவர் நாற்காலியில், வெறுங்காலோடு. நான் நின்றுகொண்டு அவர் கையைப் பிடித்திருந்தேன். சப்பரம் சந்து முனைக்கு வந்தது. புனிதரின் முகம் எங்கள் சன்னல் உயரத்துக்கு ஆடி ஆடி வந்தது. கீழே பார்த்தேன். இடப்பக்கத்து முன்தண்டில் யாரும் இல்லை.

கோசிமோவின் கோல் தட்டியது. திருப்பம்.

என் கைக்குள் இருந்த கை கனத்தது.

சவேரியோவின் இடது தோள் இறங்கியது. தலை வலப்பக்கம் சாய்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சவேரியோ..."

அவர் திரும்பவில்லை. கீழே தூக்குகிறவர்கள் மூச்சை இழுத்தார்கள். இவரும் இழுத்தார். அவர்கள் விட்டார்கள். இவரும் விட்டார்.

பாதங்கள் நகர்ந்தன. உட்கார்ந்தபடியே. தரை ஓட்டில்... இடது... வலது... இடது...

"வேண்டாம்! விடு! கீழ வச்சுடு சவேரியோ!"

இடது... வலது...

சப்பரம் திரும்பியது. சன்னலைத் தாண்டியது.

பாதங்கள் நின்றன.

முப்பதாம் நாள் பூசைக்காக மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். அங்கேயே, அண்ணன் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்திருந்தோம். திடீரென்று இதயம் நின்றுவிட்டது என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன டாக்டர் மட்டும் என்னிடம் வந்து, மிஷின் சரியாகத்தான் காட்டியது அம்மா, சத்தியமாகச் சரியாகத்தான் காட்டியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் கோசிமோ என்னிடம் வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு முன்தண்டுல ஆளில்லாம தூக்கினோம். திருப்பத்துல சாஞ்சுடும்னு பயந்தே போனேன். சாயவே இல்ல. முப்பது வருசமா தலைமை நிக்கிறேன், சப்பரம் அவ்வளவு லேசா இருந்து நான் பாத்ததில்ல. பசங்க எல்லாரும் அதையேதான் சொல்றானுங்க."

அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அன்னிக்குச் சாயங்காலம் வாசல் வரைக்கும் வந்தீங்களே அண்ணே. இவரை ஏன் நீங்க கேக்கல?"

கோசிமோ குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"அவன் உன்கிட்ட சொல்லலியா? முந்தின நாளே எங்கிட்ட வந்து சொல்லிட்டானே. 'அண்ணே, நான் தூக்கல. இனிமே எப்பவும் தூக்கமாட்டேன். ஒர்னெல்லாவ விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல'ன்னு. 'சரிடா, அவகிட்டப் போய்ச் சொல்லு, பாவம் அவ அழுதுட்டுத் திரியுறா'ன்னேன். அதுக்குச் சிரிக்கிறான். 'நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சொல்லமாட்டேன் அண்ணே. எனக்காக ஒருத்தி இப்படி ஊரோட சண்டை போடுறதப் பாக்க நல்லா இருக்கு. இன்னும் ஒரு நாள் போடட்டும்'ங்கிறான்."